இராணித் தேனீ வளர்ப்பு: புழுவை மாற்றும் முன் கிண்ணத்தை ஆயத்தம் செய்தல்

கூட்டம் பிரியும் காலத்தில் தேனீப் பெட்டியைத் திறந்து, ஓர் அடையைத் தூக்கி அதன் கீழ் விளிம்பைப் பார்த்தால், மற்ற அறைகளைப் போலப் பக்கவாட்டில் வாய் திறக்காமல் நிலத்தை நோக்கி வாய் திறந்து தொங்கும் சில சிறிய மெழுகுக் கிண்ணங்களைக் காணலாம். இராணி பிறக்கும் அறையின் தொடக்கம் அதுதான். தாய் இராணி அதற்குள் ஒரு முட்டையை இட்டுவிட்டால், வேலைக்காரத் தேனீக்கள் கிண்ணத்தின் விளிம்பை நாளுக்கு நாள் கீழ்நோக்கி நீட்டிக் கட்டி, கடைசியில் கச்சான் கோது ஒன்று தொங்குவதைப் போன்ற அறையாக்கி மூடிவிடும். இராணிகளை நாமே வளர்க்க முற்படும்போது, இந்தத் தொடக்கக் கிண்ணத்தைக் கையால் செய்து, அதற்குள் முட்டைக்குப் பதிலாக ஒரு மிக இளம் புழுவை வைத்துக் கூட்டத்திடம் ஒப்படைக்கிறோம். மிகுதி வேலை முழுவதையும் தேனீக்களே செய்கின்றன.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகையான, கருவுற்ற முட்டையிலிருந்தே வருகின்றன. முட்டை மூன்று நாளில் பொரித்து, பாடநூல்கள் குடம்பி என்று சொல்லும் புழு வெளிவருகிறது. தொடக்கத்தில் எல்லாப் புழுக்களுக்கும் செவிலித் தேனீக்கள் தம் தலைச் சுரப்பிகளில் ஊறும் வெண்ணிறக் கூழையே ஊட்டுகின்றன. சில நாள் கழிந்ததும் வேலைக்காரப் புழுக்களின் உணவில் தேனும் மகரந்தமும் கலக்கப்படுகின்றன, இராணியாக வேண்டிய புழுவோ றோயல் ஜெலி எனப்படும் அந்தக் கூழிலேயே கடைசிவரை மிதந்து வளர்கிறது. ஆகவே பொரித்து ஒரு நாளைக்கு மேற்படாத வேலைக்காரப் புழுவைக் கீழ்நோக்கித் தொங்கும் கிண்ணத்துக்கு மாற்றி, இராணி இல்லாத கூட்டம் ஒன்றுக்குக் கொடுத்தால், செவிலித் தேனீக்கள் அதனை இராணியாகவே வளர்க்கும். இந்தப் புழு மாற்றும் முறையை, கையால் செய்த மெழுகுக் கிண்ணங்களோடு சேர்த்துப் பெரிய அளவில் பரவச் செய்தவர் அமெரிக்கரான டூலிட்டில். அவர் தம் முறையை 1889 இல் நூலாக வெளியிட்டார். இன்றும் அடிப்படை மாறவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் புழுவை எடுக்கும் அந்தக் கணத்தைப் பற்றியே அஞ்சுகிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்றை நுனித் தூரிகையால் அள்ளியெடுப்பது கடினமான வேலை என்பது உண்மையே. ஆனாலும் கை பழகுவதற்கு ஒரு வாரம் போதும். கிண்ணம் தவறாக அமைந்திருந்தால் எவ்வளவு பழகிய கையாலும் பயனில்லை. எனது முதல் முயற்சியில் வைத்த பத்துப் புழுக்களில் ஒன்றைக்கூடக் கூட்டம் ஏற்கவில்லை. புழுக்களைக் காயப்படுத்திவிட்டேன் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில், பிற நாட்டுக் கையேடு ஒன்றின் அளவைப் பின்பற்றி நம் தேனீக்குப் பெரிதான கிண்ணத்தைச் செய்திருந்தேன். மெழுகும் கடையில் வாங்கிய மெழுகுவர்த்தி மெழுகு கலந்தது. இரண்டையும் திருத்தியபோது, அதே நடுங்கும் கையால் வைத்த புழுக்களில் பாதிக்கு மேல் ஏற்கப்பட்டன. அதனால்தான் இந்தக் கட்டுரை கிண்ணத்தோடு மட்டும் நிற்கிறது.

மலையகத்தில் நாம் பெட்டியில் வளர்ப்பது ஏப்பிஸ் செரானா என்னும் நாட்டுத் தேனீ. பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயும், செடிகளில் சிறிய அடை கட்டும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு வருவதில்லை. இணையத்தில் கிடைக்கும் காணொளிகளும் கையேடுகளும் ஏறத்தாழ எல்லாமே ஏப்பிஸ் மெல்லிபெரா என்னும் ஐரோப்பியத் தேனீயைப் பற்றியவை. அது நம் தேனீயைவிட உடல் பெரியது. அதன் வேலைக்கார அறையும் பெரியது, இராணிக் கிண்ணமும் பெரியது. அதற்கு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலக் கிண்ணம் பொருந்தும். நாட்டுத் தேனீக்கு அதைவிடச் சிறியது வேண்டும். எவ்வளவு சிறியது என்பதற்கு எங்கோ அச்சிட்ட எண்ணைத் தேடுவதைவிட, உங்கள் பெட்டியிலேயே தொங்கும் இயற்கைக் கிண்ணம் ஒன்றை வெட்டியெடுத்து அளப்பதே நம்பகமானது. ஒரே இனத் தேனீயாயினும் உயரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப உடலளவு சற்று வேறுபடும். உங்கள் கூட்டம் தானே கட்டிய கிண்ணம் உங்கள் கூட்டத்துக்கான அளவைத் தவறாமல் சொல்லும்.

அந்த அளவை மெழுகுக்கு மாற்றித் தருவது ஒரு குச்சி. பென்சில் நீளத்தில், நெருக்கமான இழையுள்ள, ஈரத்தில் பிளக்காத மரம் வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் கிடக்கும் நன்கு காய்ந்த தேயிலைக் குச்சி இதற்கு மிகப் பொருத்தமானது, கொய்யாவும் உதவும். குச்சியின் முனையை அரைக்கோளமாகச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனிக்கு ஒரு கீறலும் தட்டுப்படாதவாறு வழுவழுப்பாக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் மெழுகு பிடித்துக்கொண்டு கழறாது. கழன்றாலும் உட்சுவரில் தடம் விழும். முனையிலிருந்து மேல்நோக்கிக் குச்சி சிறிது சிறிதாகப் பருத்துச் செல்வது நல்லது, ஏனெனில் அப்போதுதான் ஆறிய கிண்ணம் இழுத்தவுடன் வழுக்கி வரும். அளவு சரியா என்பதைச் சோதிக்க, வெட்டியெடுத்த இயற்கைக் கிண்ணத்துக்குள் முனையை மெல்ல நுழைத்துப் பாருங்கள். சுவரை விரிக்காமலும் உள்ளே ஆடாமலும் இருந்தால் அந்தக் குச்சியைப் பத்திரப்படுத்தலாம். ஒரே அளவில் ஐந்தாறு குச்சிகள் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்.

அடுத்தது மெழுகு. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். தேன் எடுக்கும்போது அறைகளின் மேலிருந்து சீவி எடுக்கும் மூடி மெழுகுதான் மிகச் சிறந்தது. அது புதிதாகச் சுரந்தது, வெளிர் நிறமானது, பல தலைமுறைப் புழுக்களின் கூட்டுத்தோலும் கழிவும் கலவாதது. நாள்பட்ட கறுத்த அடையை உருக்கிய மெழுகு வேறு வேலைகளுக்கு உதவலாம், கிண்ணத்துக்கு வேண்டாம். நோயுற்றதாக ஐயப்படும் கூட்டத்தின் மெழுகை எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. கடை மெழுகில் பரஃபின் கலந்திருக்கிறதா என்பதை வீட்டில் உறுதியாகக் கண்டறிவது கடினம். தேனீக்களோ கலப்பு மெழுகில் செய்த கிண்ணத்தை ஒதுக்கிவிடுவதையோ கடித்து எறிவதையோ நான் கண்டிருக்கிறேன். நாட்டுத் தேனீயிடம் நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஐரோப்பியத் தேனீ மரங்களின் பிசினைச் சேகரித்துப் பெட்டி முழுவதும் பூசும். நம் தேனீ அவ்வாறு செய்வதில்லை. ஆகவே நம் மெழுகு பிசின் கலவாமல் கிடைக்கிறது, கையேடுகள் சொல்லும் பிசின் சுரண்டும் வேலை நமக்கு இல்லை.

தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகுகிறது. அதை நேரடியாக அடுப்பில் வைப்பது ஆபத்தானது. அளவுக்கு மீறிச் சூடேறினால் தீப்பற்றும், அதற்கு முன்பே நிறம் கறுத்து இயல்பான மணத்தை இழந்துவிடும். அகன்ற சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் எவர்சில்வர் குவளையை நிறுத்தி, குவளைக்குள் மெழுகை உருக்குங்கள். இரும்பு, செப்புப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். உருகிய மெழுகை மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, சுமார் 70 பாகையில் வைத்துக்கொள்வது போதும். வெப்பமானி இல்லாதவர்கள் குவளையின் ஓரத்தைப் பார்க்கலாம்: ஓரத்தில் மெல்லிய வளையமாக மெழுகு உறையத் தொடங்கும் நிலைக்குச் சற்று மேலான சூடே தோய்ப்பதற்கு ஏற்றது. மெழுகு மிகவும் சூடாக இருந்தால், இரண்டாம் முறை தோய்க்கும்போது முதல் படலம் உருகிப்போகும்; மிகவும் ஆறியிருந்தால் கிண்ணம் தடித்து, மேடுபள்ளமாக வரும்.

குச்சிகளை முதல்நாள் இரவே குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். நீர் ஊறிய மரத்தில் மெழுகு ஒட்டாது என்பதே இதன் காரணம். தோய்ப்பதற்கு முன் குச்சியை உதறிவிடுங்கள். நுனியில் ஒரு துளி நீர் தங்கியிருந்தாலும் கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழும். இனி, குச்சியின் முனையைக் கிண்ணத்தின் முழு ஆழத்துக்கும் மெழுகில் இறக்கி உடனே எடுங்கள். மெழுகு மங்கி உறைந்ததும் இரண்டாம் முறை, முன்னதைவிடச் சற்றுக் குறைந்த ஆழத்துக்கு. மூன்றாம் முறை அதைவிடவும் குறைவாக. இப்படி மூன்று அல்லது நான்கு தோய்ப்பில், வாய் விளிம்பில் ஒற்றைப் படலமும் அடியில் மூன்று நான்கு படலமுமாகக் கிண்ணம் உருவாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு மிகவும் முக்கியமானது. விளிம்பு மெல்லியதாக இருந்தால்தான் தேனீக்கள் அதைத் தம் தாடைகளால் உடனே இளக்கி, தம் விருப்பப்படி குறுக்கி நீட்ட முடியும். அடி தடித்திருந்தால்தான் பின்னர் முதிர்ந்த அறையை, அது ஒட்டப்பட்டுள்ள மரச் சலாகையிலிருந்து அறுத்து வேறு பெட்டிக்கு மாற்றும்போது உள்ளிருக்கும் இராணி நசுங்காது. கடைசித் தோய்ப்பு முடிந்ததும் குளிர்ந்த நீரில் ஒரு கணம் அமிழ்த்தி, விரல்களால் மெல்லத் திருகி இழுத்தால் கிண்ணம் கழன்று வரும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். விளிம்பு வழியே ஒளி மங்கலாகத் தெரிந்து, அடி இருண்டிருந்தால் கிண்ணம் சரியாக அமைந்துள்ளது. ஓரம் கிழிந்தவற்றையும் ஓட்டையானவற்றையும் தயங்காமல் மீண்டும் குவளையில் போடுங்கள்.

கடைகளில் பிளாஸ்டிக் கிண்ணங்களும் கிடைக்கின்றன. அவை ஐரோப்பியத் தேனீக்காக வார்க்கப்பட்டவை. வேறு வழியில்லாதபோது உட்புறத்தில் மெல்லிய மெழுகு பூசிப் பயன்படுத்தலாம் என்றாலும், தொடங்குபவர்களுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கப்படாதபோது அளவு தவறா, பொருள் தவறா, கை தவறா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

செய்த கிண்ணங்களை ஒரு மெல்லிய மரச் சலாகையில், வாய் கீழ்நோக்கி வருமாறு வரிசையாக ஒட்டுகிறோம். சலாகை உங்கள் பெட்டியின் சட்டத்துக்குள் குறுக்கே பொருந்த வேண்டும். ஒட்டும் இடத்தில் உருகிய மெழுகை ஒரு சொட்டு விட்டு, அது உறைவதற்குள் கிண்ணத்தின் அடியை அழுத்தி நிறுத்துங்கள். இரண்டு கிண்ணங்களுக்கு இடையில் ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும். நெருக்கினால் தேனீக்கள் இரண்டு அறைகளை ஒன்றாக இணைத்துக் கட்டிவிடும், பின் ஒன்றைக் காயப்படுத்தாமல் மற்றதை எடுக்க முடியாது. நாட்டுத் தேனீயின் கூட்டம் சிறியது என்பதால் முதல் முயற்சிக்கு எட்டு அல்லது பத்துக் கிண்ணங்களே போதும்.

இனிச் சொல்லப்போவது பலர் தவிர்த்துவிடும் படி. என் பார்வையில் முழு வேலைக்கும் இதுவே உயிர். ஒட்டி முடித்த சலாகையை உடனே புழு மாற்றப் பயன்படுத்தாமல், புழுக்களைப் பெறப்போகும் அதே இராணியற்ற கூட்டத்துக்குள், அடைகளின் நடுவில், முதல்நாளே இறக்கிவிட வேண்டும். சுமார் ஓர் இரவும் பகலுமாக அது அங்கே இருக்கட்டும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தின் உட்புறம் மெருகேறி இருப்பதையும், நம் குச்சி விட்ட கூரான விளிம்பு மழுங்கி உள்நோக்கிச் சற்றுக் குறுகியிருப்பதையும் காணலாம். நம் கைமணமும் அடுப்பு மணமும் நீங்கிக் கூட்டத்தின் மணம் ஏறியிருக்கும். இந்த நிலைக்கு வந்த கிண்ணத்தை அந்தக் கூட்டம் அன்னியப் பொருளாகக் கருதாது. குளிர்ந்த மலைப்பகுதியில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தேனீக்கள் தம் புழுக்களைச் சுற்றி 34, 35 பாகை வெப்பத்தைக் காக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். அறைக் குளிரில் கிடந்த மெழுகின்மேல் ஒரு நாள் வயதுப் புழுவை வைப்பது, குளித்து முடித்த பச்சைக் குழந்தையைச் சீமெந்துத் தரையில் கிடத்துவதற்கு ஒப்பானது. கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்த கையோடு பயன்படுத்தும் கிண்ணம் வெதுவெதுப்பாக இருக்கும்.

அதே காரணத்துக்காக, புழு மாற்றும் வேலையை வெயிலேறிய பின், முற்பகலின் பிற்பகுதியில் வைத்துக்கொள்வது நல்லது. காற்றடிக்காத அறைக்குள், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சலாகையின்மேல் போர்த்தி, ஒவ்வொரு கிண்ணமாகத் திறந்து வேலை செய்யுங்கள். உலர்ந்த காற்று, குளிரைப் போலவே புழுவைக் கொல்லும்.

புழு தங்குவதற்குக் கிண்ணத்தின் அடியில் சிறிதளவு ஈரம் வைப்பது தொடங்குபவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும். ஏற்கெனவே ஓர் இராணி அறை உள்ள கூட்டத்திலிருந்து றோயல் ஜெலியைச் சிறிது எடுத்து, அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, குண்டூசித் தலையளவு துளியை ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் வையுங்கள். புழு தூரிகையிலிருந்து அந்தத் துளியின்மேல் தானே மிதந்து இறங்கும். அறையில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே இங்கும் மேலே இருக்க வேண்டும். மேற்புறத்துச் சுவாசத் துளைகள் கூழில் மூழ்கினால் புழு மூச்சடைத்து இறந்துவிடும். துளி பெரிதாகிவிட்டாலும் இதே ஆபத்து உண்டு. புரண்டுவிட்டதாக ஐயம் எழுந்தால் அந்தப் புழுவை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.

கிண்ணம் செய்யும் நாளைத் தீர்மானிப்பது மெழுகோ ஓய்வு நாளோ அல்ல, ஆண் தேனீக்களும் மழையும்தான். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள். நாம் நான்காம் நாள் புழுவை எடுப்பதால், புழு மாற்றிய பின் 11 அல்லது 12 நாளில் இராணி பிறந்துவிடும். பிறந்து ஒரு வாரமளவில் அது இணைசேரப் பறக்கும். இலங்கையிலேயே ஆய்வு செய்து கூனிகரும் விஜயகுணசேகரவும் 1976 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நாட்டுத் தேனீயின் ஆண்கள் பறப்பது மாலை 4.15 முதல் 5.15 வரையான குறுகிய நேரத்தில் மட்டுமே. இங்கே வாழும் மூன்று தேனீ இனங்களும் நாளின் வெவ்வேறு நேரங்களைத் தமக்கெனப் பிரித்துக்கொண்டுள்ளன. கொம்புத் தேனீ நண்பகலிலும் மலைத்தேனீ அந்தி மயங்கும் வேளையிலும் பறக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை பெய்யும் நம் மலைகளில், அந்த ஒரு மணி நேரம் தொடர்ந்து பல நாட்களுக்கு இல்லாமற் போகலாம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகள் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும்போது, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து ஊவாச் சரிவுகள் உலர்ந்திருக்கும். எனவே தோட்டத்துக்குத் தோட்டம் நாட்காட்டி வேறுபடும். உங்கள் ஊரில் மாலை வானம் எப்போது தெளிந்திருக்கும் என்பதிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கி எண்ணிக் குச்சியை ஊறவையுங்கள். ஆண் தேனீக்கள் உள்ளனவா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். நாட்டுத் தேனீயின் ஆண் அறை மூடியில் நடுவே ஊசித்துளை போன்ற ஓட்டை இருக்கும்; அத்தகைய அறைகள் அடையில் நிறைந்திருந்தால் ஆண்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். தேயிலைக்கு நிழல் தரும், இங்கே சவுக்கு எனப்படும் கிரெவிலியாவும், தோட்டத்து யூக்கலிப்டஸும் பூத்து, உள்ளே மகரந்தமும் தேனும் வரத்திலிருந்தால் கூட்டம் தானாகவே ஆண்களை வளர்க்கும், கிண்ணங்களையும் மனமுவந்து ஏற்கும். வரத்துக் குறைந்த நாட்களில் சம அளவு சீனியும் தண்ணீரும் கலந்த பாகை, சலாகையை இறக்கும் நாளிலிருந்தே சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதேவேளை, இராணியற்ற கூட்டத்தை ஆயத்தம் என்ற பெயரில் நாட்கணக்கில் காத்திருக்க வைக்கவும் கூடாது. நாட்டுத் தேனீயில் வேலைக்காரத் தேனீக்கள் தாமே முட்டையிடத் தொடங்குவது மிக விரைவாக நிகழும், அதன்பின் அந்தக் கூட்டம் எந்தக் கிண்ணத்தையும் மதிக்காது. பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இயங்குகிறது. இராணியற்ற கூட்டத்தை அமைப்பதை ஒருமுறை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

மிஞ்சிய கிண்ணங்களை இறுக மூடும் டப்பாவில், எறும்பும் மெழுகுப் பூச்சியும் புகாதவாறு, வெயில் படாத இடத்தில் வைத்தால் அடுத்த பருவத்துக்கும் உதவும். ஒருமுறை நிராகரிக்கப்பட்ட கிண்ணத்தை அப்படியே மீண்டும் கொடுக்காமல் உருக்கிப் புதிதாகச் செய்யுங்கள்.

புழுக்களை வைத்த மறுநாள், பெட்டியை அதிர்வின்றித் திறந்து சலாகையை மட்டும் தூக்கிப் பாருங்கள். தேனீக்களை ஊதவோ உதறவோ வேண்டாம். ஒரு மயிலிறகால் ஒதுக்கினால் போதும். ஏற்கப்பட்ட கிண்ணத்தின் விளிம்பில் புது மெழுகு வெண்மையாக நீண்டிருக்கும், அடியில் கூழ் பளபளக்கும், அதன்மேல் புழு பிறைபோல் கிடக்கும். சுத்தமாக மெருகேறி வெறுமையாக இருக்கும் கிண்ணம், கிண்ணத்தில் குறையில்லை, புழுதான் காயப்பட்டது அல்லது வயது கூடியது என்று சொல்கிறது. விளிம்பு கடித்துக் குதறப்பட்டிருந்தால் மெழுகையோ அளவையோ ஐயப்படுங்கள். பெட்டிக்குள் எங்கோ ஓர் இராணியோ, நாம் காணாத இயற்கை இராணி அறையோ இருக்கிறதா என்றும் தேடுங்கள். நடுவிலுள்ள நான்கைந்து ஏற்கப்பட்டு இரு ஓரங்களும் கைவிடப்பட்டிருந்தால் காரணம் குளிர்: இரவில் கூட்டம் சுருங்கியபோது ஓரக் கிண்ணங்கள் அதற்கு வெளியே நின்றுவிட்டன. அடுத்த முறை அந்தக் கூட்டத்துக்குப் பத்துக்குப் பதிலாக ஆறு கிண்ணங்களைச் சலாகையின் நடுவில் மட்டும் ஒட்டி, இருபுறமும் தேனீக்கள் அடர்ந்த அடைகளை நெருக்கி வையுங்கள்.